நிறங்களால் ஒரு வீடு

ஓவியர் ஒருவரின் பெருமையை அறிய விரும்புவோர் அவருடைய சித்திரங்கள் தொங்கும் நூதனசாலைகளை நாடிச் செல்வதே வழக்கம். சுவீடன் தேசத்து ஓவியர் கார்ல் லார்சனைப் பொறுத்தவரையில் அவ்வழக்கம் சற்றே மாறிவிடுகின்றது. அவரை அறிய விரும்புவோர் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கிற் செல்லும் இடம், அந்நாட்டின் டலார்ணா மாகாணத்திலே சுண்ட்பொர்ண் என்னும் சிறு கிராமத்தில், ஆற்றங்கரையோரமாக நிற்கும் ஒரு மரவீடு. அங்கே சுவரும் சித்திரம், கதவும் சித்திரம், கதிரையும் மேசையும் திரைச்சீலையுங்கூடச் சித்திரத்தின் பகுதிகளே. படம் மாட்டுவதற்குச் சுவர் வேண்டும் என்று உலகம் எண்ணியிருந்த காலத்தில், மனிதன் அன்றாடம் உண்டு உறங்கி உலாவும் இடமே படமாகலாம் என்று வாழ்ந்து காட்டியவர் லார்சன். அப்படி அவர் வாழ்ந்து காட்டியதில் அவருடைய மனைவிக்கு இருந்த பங்கு எத்துணை பெரிது என்பதை உலகம் நெடுங்காலம் உணராதிருந்தது. அவ்விருவர் கதையையும் சேர்த்துச் சொன்னாலன்றி அவ்வீட்டின் கதை நிறைவு பெறாது.

இருட்டிற் பிறந்தவர்

கார்ல் லார்சன் 1853ஆம் ஆண்டு மே மாதம் 28ஆந் திகதி ஸ்ரொக்ஹோம் நகரின் பழைய பகுதியிலே பிறந்தார். வறுமை என்ற சொல் அவர் பிறந்த குடும்பத்தின் நிலையை உணர்த்தப் போதியதன்று. தந்தை நிலையான தொழிலற்றவர். கிடைத்த கூலி வேலையைச் செய்வார். கப்பலிலே கொதிகலனுக்குக் கரியள்ளிப் போட்டதும் உண்டு. உழைத்ததைக் குடித்துத் தீர்க்கும் இயல்பும், பிள்ளைகளிடம் வன்சொல் வழங்கும் இயல்பும் அவரிடம் சேர்ந்திருந்தன. மகன் பிறந்த நாளையே தாம் சபிப்பதாக அவர் ஒருமுறை கூறியதைக் கார்ல் தமது சுயசரிதையிலே குறித்துவைத்திருக்கின்றார். பிஞ்சு உள்ளத்தில் விழுந்த அச்சொல் முதுமை வரை ஆறாத புண்ணாகவே இருந்தது.

தாய் பிறர் வீட்டு ஆடைகளை வெளுத்துக் குடும்பத்தைக் காத்தார். ஊர் ஊராகவன்றித் தெருத் தெருவாகவும் அறை அறையாகவும் இடம்பெயர்ந்து வாழ்ந்த குடும்பம் அது. பல குடும்பங்கள் நெருக்கியடித்துக் கிடக்கும் சேரிக் கட்டடங்களில், ஒளி நுழையாத அறைகளில், நோயும் அழுக்கும் ஒழுக்கக்கேடும் சூழக் கார்லின் இளமை கழிந்தது. வடதேசத்துக் குளிர்காலத்திலே பகல் என்பது சில மணி நேரமே. அச்சில மணி நேரமும் அவ்வறைகளுக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. பிற்காலத்தில் அவர் தம் வீட்டிலே வெண்மையையும் செம்மையையும் பசுமையையும் அள்ளி இறைத்தாரெனில், அந்த இருட்டறைகளின் நினைவு அவர் கைகளை இயக்கியது என்று எண்ணுவதில் தவறில்லை.

ஏழைப் பிள்ளைகளுக்கான பாடசாலையிலே படித்த அச்சிறுவனின் கையிற் சித்திரத் திறமை இருப்பதை ஆசிரியர் ஒருவர் கண்டுகொண்டார். அவருடைய தூண்டுதலால், 1866இல், பதின்மூன்று வயதுச் சிறுவன் அரச கலைக் கழகத்தின் ஆரம்ப வகுப்பிற் சேர்ந்தான். நல்ல குடும்பத்துப் பிள்ளைகளின் நடுவே தான் தாழ்ந்தவன் என்ற நினைவினாற் கூனிக் குறுகி அவன் கழித்த ஆண்டுகள் சில. 1869இல் மேல் வகுப்புக்கு உயர்த்தப்பட்ட பின்னரே தன்னம்பிக்கை துளிர்த்தது. படிக்கும்போதே நகைச்சுவைப் பத்திரிகையொன்றுக்குக் கேலிச் சித்திரங்களும், படப் பத்திரிகையொன்றுக்குச் செய்திச் சித்திரங்களும் வரையத் தொடங்கினார். அந்த வருவாயினால் தமது பெற்றோரையும் தாங்கினார். தம்மைச் சபித்த தந்தைக்கும் அவர் உணவளித்தார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

கிறெசு கிராமத்தில் ஒரு திருப்பம்

அக்காலத்து இளம் ஓவியர்கள் யாவருக்கும் பாரிஸ் மாநகரே திருத்தலம். லார்சனும் 1877இல் அங்கு சென்றார். பெரிய பெரிய தைல ஓவியங்களை வரைந்து புகழ் பெற்றுவிடலாம் என்று கனவு கண்டார். கனவு பலிக்கவில்லை. ஆண்டுகள் கழிந்தன, ஓவியங்கள் ஏற்கப்படவில்லை, கையிற் பணமில்லை, மனச் சோர்வு மட்டும் மிகுந்தது. அக்காலத்திலே பாரிஸ் நகரில் ஒளியையும் நிறத்தையும் புதுவகையாகக் கையாண்டு புரட்சி செய்துகொண்டிருந்த பிரெஞ்சு ஓவியருடன் அவர் நெருங்கிப் பழகவுமில்லை.

1882இல் அவர் பாரிஸுக்குத் தெற்கேயுள்ள கிறெசு என்னும் கிராமத்திற்குச் சென்றார். வடநாட்டு ஓவியர் பலர் அங்கே கூடி வாழ்ந்தனர். அங்கே அவருடைய வாழ்க்கையில் இரண்டு திருப்பங்கள் நிகழ்ந்தன. ஒன்று, கனத்த தைல வர்ணத்தைக் கைவிட்டு இலேசான நீர்வர்ணத்தை அவர் கையிலெடுத்தமை. கீழே உள்ள வெண்தாளின் ஒளி வர்ணத்தினூடாகத் துலங்கும் அம்முறை அவர் கைக்கு இயல்பாகவே வாய்த்தது. மற்றொன்று, கரின் பேர்கூ என்னும் இளம் பெண்ணை அவர் சந்தித்தமை.

கரின் 1859இல் ஒரேப்ரூ நகரிற் பிறந்தவர். வசதி படைத்த வணிகர் குடும்பம். அவரும் ஸ்ரொக்ஹோம் அரச கலைக் கழகத்திலே பயின்று, மேற்படிப்புக்காகப் பாரிஸுக்கு வந்த ஓவியரே. கலையைப் பொழுதுபோக்காகப் பழகும் செல்வச் சிறுமியல்லர் அவர். முறையாகப் பயின்ற தேர்ச்சி அவரிடம் இருந்தது. இருவரும் 1883ஆம் ஆண்டு யூன் மாதத்திலே திருமணஞ் செய்துகொண்டனர். மறுவருடம் மூத்த மகள் சுசான் பிறந்தாள். அதன்பின் கரின் தூரிகையை ஏறக்குறைய முற்றாகவே கீழே வைத்துவிட்டார். ஒரு வீட்டில் இரண்டு ஓவியர்களுக்கு இடமில்லை என்பது அக்காலத்து வழக்கம். அவ்வழக்கத்திற்குக் கார்லும் விலக்கல்லர். கரினும் அதனை எதிர்த்துப் போரிடவில்லை. ஆயினும் கலைத்திறமை அடைத்தவுடன் வற்றிப்போகும் ஊற்றன்று. ஒரு வழியை மூடினால் மற்றொரு வழியால் அது வெளிப்படும். அந்த மற்றொரு வழி எது என்பதைச் சுண்ட்பொர்ண் வீடு காட்டிற்று.

செந்நிற மரவீடு

1888இல் கரினின் தந்தையார் அவர்களுக்கு ஒரு சிறு வீட்டை அன்பளிப்பாக வழங்கினார். லில்லா ஹித்நேஸ் என்பது அதன் பெயர். சூளையிருந்த சிறு நிலமுனை என்பது அப்பெயரின் பொருள். செப்புக் கனியத்தை உருக்கும் சூளைகள் அப்பிரதேசமெங்கும் முற்காலத்தில் இருந்தமையால் வந்த பெயர் அது. 1837இற் கட்டப்பெற்ற அவ்வீட்டில் கரினின் தந்தையாருடைய சகோதரிகள் வாழ்ந்திருந்தனர். முதலிற் கோடைகாலத்தில் மட்டும் அங்கே தங்கிய லார்சன் குடும்பம், 1901இல் நிரந்தரமாகவே அங்கு குடியேறிற்று. இடைப்பட்ட காலத்திற் கோதன்பேர்க் நகரத்து ஓவியப் பாடசாலையிற் சில ஆண்டுகள் கற்பித்தும், பின்னர் ஸ்ரொக்ஹோமில் தொழில் புரிந்தும், விடுமுறை தோறும் கிராமத்திற்கு ஓடிவந்து வீட்டைத் திருத்துவதும் விரிப்பதுமாக அவர்கள் வாழ்ந்தனர்.

அவ்வீட்டின் வெளிப்புறம் டலார்ணா மாகாணத்து வீடுகளைப் போலவே ஆழ்ந்த செந்நிறம் பூசப்பெற்றது. அந்தச் செந்நிறத்திற்கு ஒரு வரலாறு உண்டு. அருகிலுள்ள ஃபாலூன் நகரத்துச் செப்புச் சுரங்கம் பல நூற்றாண்டுகள் ஐரோப்பாவுக்குச் செம்பு வழங்கியது. கனியத்திலிருந்து செம்பைப் பிரித்தெடுத்தபின் எஞ்சிக் குவிந்த கழிவுமண் இரும்புச் சத்து மிக்கது. அதனைக் கழுவி, உலர்த்திச் சுட்டால் நம் காவிக்கல்லை ஒத்த செம்பொடி கிடைக்கும். அப்பொடியை நீர், றை தானிய மா, ஆளிவிதை எண்ணெய், இரும்புச் சல்பேற்று என்பவற்றோடு சேர்த்துக் காய்ச்சிப் பூசுவர். பூச்சு மரத்தின்மேல் இறுகித் தோலுரிவதில்லை. காலப்போக்கிற் பொடியாக உதிரும். தேய்த்துத் துடைத்துவிட்டு மீண்டும் பூசலாம். முற்காலத்திலே செல்வர்தம் செங்கல் மாளிகைகளைப் போலத் தோன்றவேண்டுமென்று மரவீடுகளுக்கு இதனைப் பூசினர். பின்னர் அதுவே எளிய குடியானவனின் நிறமாயிற்று. அச்சுரங்கம் 1992இல் மூடப்பட்டது. 2001இல் உலக மரபுரிமைத் தலமாக அறிவிக்கப்பட்டது. செந்நிறப் பூச்சு மட்டும் வழக்கொழியவில்லை.

வெளிப்புறத்தில் மரபை மீறாத லார்சன் தம்பதியர் உட்புறத்திலேதான் துணிவு காட்டினர். அத்துணிவின் அளவை உணர வேண்டுமாயின், அக்காலத்து ஐரோப்பிய நடுத்தர வகுப்பினரின் வீடு எவ்வாறிருந்தது என்பதை மனக்கண்முன் நிறுத்தவேண்டும். கபிலநிறச் சுவர்த்தாள், கருங்காலி போலக் கறுத்த தளபாடங்கள், யன்னலை மூடித் தொங்கும் கனத்த வெல்வெற்றுத் திரைகள், மேசைதோறும் குஞ்சங்கட்டிய விரிப்புகள், மூலைதோறும் தூசி படிந்த அலங்காரப் பொருள்கள். விருந்தினர் வந்தால் மட்டும் திறக்கப்படும் வரவேற்பறை. மற்றைய நாள்களிற் பிள்ளைகள் அதனுள் நுழைதலாகாது. இருண்ட நிறமே கௌரவத்தின் அடையாளம். பளிச்சென்ற நிறம் குடியானவனுக்கும் குழந்தைக்கும் உரியது என்று கருதப்பட்ட காலம் அது.

அந்தக் குடியானவனிடமும் குழந்தையிடமுமே லார்சன் தம்பதியர் நிறத்தைக் கடன் வாங்கினர். டலார்ணா நாட்டுப்புற மக்கள் தமது பெட்டகங்களிலும் ஆடைகளிலும் ஆண்டுவந்த செம்மையும் பசுமையும் உணவறைக்குள் நுழைந்தன. எதிரெதிரான அவ்விரு நிறங்களையும் அருகருகே வைக்க அஞ்சுவோர் பலர். ஆனால் மரப்பலகை அடித்த சுவர்களிலே அவை ஒன்றையொன்று தாங்கி நின்றன. வெளியே பனி மூடிய காலத்திலும் அவ்வறையிற் குளிர் தோன்றாது. கூடத்திலோ நேர்மாறான முறை. முன்னோர் விட்டுச்சென்ற பழைய நாகரிகக் கதிரைகளுக்கு வெண்ணிறம் பூசி, நீலமும் வெள்ளையும் கோடிட்ட துணியுறைகள் இட்டனர். யன்னல்களிற் கனத்த திரையில்லை, பூச்சாடிகளே திரை. தாழ்ந்து வரும் வடநாட்டுச் சூரிய ஒளி தடையின்றி உள்ளே நுழைந்து, வெண்தளபாடங்களிற் பட்டு அறையெங்கும் பரவிற்று.

ஈண்டு ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். கடுநிறத்தை வீட்டிற் பயன்படுத்துவது என்பது கண்டவிடமெல்லாம் அதனை வாரிப் பூசுவதன்று. லார்சன் வீட்டில் ஒவ்வோர் அறைக்கும் ஒரு குணம் உண்டு. ஓரறையின் செறிவுக்குப்பின் மற்றோர் அறையின் வெண்மை கண்ணுக்கு இளைப்பாறுதல் தரும். அவ்வாறே, கைக்குக் கிடைத்த பழைய கதிரை, உள்ளூர்த் தச்சன் செய்த பெட்டி, வழிவழி வந்த கட்டில் என்று ஒன்றுக்கொன்று பொருந்தாத பொருள்களும் ஒரே நிறப் பூச்சினால் ஒரு குடும்பத்துப் பிள்ளைகளைப்போல ஒன்றுபட்டன. பெருஞ்செல்வம் இல்லாத குடும்பமொன்றுக்கு நிறத்தைவிட மலிவான அலங்காரம் வேறில்லை. புதிய தளபாடம் வாங்க இயலாதவனும் ஒரு தகரம் தீந்தை வாங்க இயலும். இந்த எளிய உண்மை பின்னர் ஒரு தேசத்தின் வீடுகளையே மாற்றிற்று.

கார்ல் கதவுகளிலே மனைவி மக்களின் உருவங்களைத் தீட்டினார். வாயிலின்மேல் வருவோரை வரவேற்கும் வாசகம் எழுதினார். சுவரின் மேற்பகுதிகளிற் பூமாலைகள் வரைந்தார். தமது படுக்கையறையின் நட்டநடுவே கட்டிலை நிறுத்தி, அதற்குத் திரை கட்டினார். கூடத்தின் யன்னலோரத்திலே தரையினும் சற்று உயர்ந்த மேடை அமைத்துக் குடும்பத்தினர் அமர இடஞ் செய்தார். எந்த அறையும் பிள்ளைகளுக்கு மூடப்படவில்லை. வரவேற்பறையிலே நாய் படுத்துறங்கிற்று.

மழை தந்த நூல்

1894ஆம் ஆண்டுக் கோடையிலே மழை ஓயாது பெய்தது. வெளியிற் சென்று வரைய முடியாமற் கார்ல் வீட்டுக்குள் அடைபட்டு மனம் புழுங்கினார். பொழுதைப் போக்க வீட்டின் அறைகளையே வரையலாமே என்று கரின் யோசனை கூறினார். அந்த யோசனையே லார்சனின் பெயரை உலகறியச் செய்தது. பூச்சாடிகளுக்கு நீர் வார்க்கும் சிறுமி, மூலையிலே தண்டனையாக அமர்த்தப்பட்ட சிறுவன், வெறுமையான கதிரைமேல் விழும் வெயில் என்று அவர் வரைந்த நீர்வர்ணச் சித்திரங்கள் 1897இல் ஸ்ரொக்ஹோமில் நடைபெற்ற பெரும் பொருட்காட்சியில் வைக்கப்பட்டன. 1899இல் அவற்றுள் இருபத்துநான்கு சித்திரங்கள் ஒரு நூலாக வெளிவந்தன. ஒரு வீடு என்பதே அந்நூலின் பெயர். தம் வீட்டைப் பகட்டிக் காட்டுவதற்காகவன்றி, வீட்டை அழகுசெய்ய விரும்பும் எவருக்கும் ஒரு முன்மாதிரியாக அது பயன்படவேண்டும் என்பதே தமது எண்ணம் என்று அவர் முன்னுரையில் விளக்கினார்.

அதே காலத்தில் எலன் கீ என்னும் சுவீடன் நாட்டுச் சிந்தனையாளர், அழகு என்பது செல்வரின் தனியுடைமையன்று. தொழிலாளியின் வீட்டுக்கும் அது உரியது என்று எழுதிவந்தார். அக்கொள்கைக்குக் கண்கண்ட சான்றாக லார்சன் வீடு அமைந்தது. 1909இல் ஜேர்மன் பதிப்பாளர் ஒருவர் லார்சனின் சித்திரங்களைத் தொகுத்து, வெயிலில் ஒரு வீடு என்னும் பொருள்படும் பெயரில் மலிவுப் பதிப்பாக வெளியிட்டார். மூன்று மாதத்தில் நாற்பதினாயிரம் பிரதிகள் விற்றுத் தீர்ந்தன. கனத்த திரைகளின் பின்னே வாழ்ந்த ஆயிரமாயிரம் குடும்பங்கள் திரையை விலக்கினால் வெளிச்சம் வரும் என்பதை அந்நூலிலே கண்டன.

வெயிலின் பின்னே நிழல்

இவற்றையெல்லாம் படிப்போர், லார்சனின் வாழ்வு துன்பமே தொடாத வாழ்வென்று கருதிவிடுதல் கூடாது. எட்டுப் பிள்ளைகளைப் பெற்ற தம்பதியர் இருவரை இழந்தனர். மற்ஸ் என்னும் மகன் குழந்தைப் பருவத்திலேயே மறைந்தான். மூத்த மகன் உல்வ் 1905இலே, பதினெட்டு வயதில், குடல்வால் அழற்சியால் மாண்டான். அவ்விழப்பிலிருந்து கார்ல் முற்றாக மீளவேயில்லை. அவரது சித்திரங்களில் எங்கும் வெயில். அவரது உள்ளத்திலோ அடிக்கடி கருமுகில். சிறு வயதிற் பழகிய அச்சமும் தாழ்வுணர்ச்சியும் சினமும் அவரை விட்டு நீங்கவில்லை. வீட்டைத் தம் சித்திரங்களிற் காட்டிய அளவு இன்பம் தம் நெஞ்சில் நிலைப்பதில்லை என்பதை அவர் அறிந்தேயிருந்தார்.

கிறெசு கிராமத்து நாள்களிலே நண்பராயிருந்த பேரெழுத்தாளர் ஒகஸ்ற் ஸ்ரின்பேர்க், 1908இல் வெளிவந்த தமது நூலொன்றில், லார்சன் குடும்பத்தின் இன்பவாழ்வு வெறும் வேடம் என்று கடுமையாகத் தாக்கினார். கரினையும் அவர் விட்டுவைக்கவில்லை. நட்பு அத்தோடு முறிந்தது. அத்தாக்குதல் கொடுமையானது, ஆயினும் அதிலிருந்து எழும் ஒரு கேள்வி சிந்திக்கத்தக்கது. துயருள்ளவன் தன் வீட்டுக்கு இன்பத்தின் நிறத்தைப் பூசினால் அது பொய்யாகுமா? இருட்டறையிற் பிறந்தவன் வெளிச்சத்தை வேண்டியே நிறத்தை நாடுகின்றான். நோயில்லாதவன் மருந்தைத் தேடுவதில்லை. லார்சன் வீட்டின் நிறங்கள் அவர் உள்ளத்திலிருந்த இன்பத்தின் பிரதிபலிப்பு அல்ல. அவர் தம் பிள்ளைகளுக்குத் தமது இளமை நேரலாகாது என்று எழுப்பிய அரண். அரணை வேடம் என்று எவரும் சொல்லார்.

தாம் வீட்டுச் சித்திரங்களுக்காக நினைக்கப்படுவதைக் கார்ல் பெரிதும் விரும்பவில்லை என்பது மற்றொரு முரண். பெருஞ் சுவரோவியங்களே தமது வாழ்நாட் பணி என்று அவர் கருதினார். 1896இல் தேசிய நூதனசாலையின் படிக்கட்டு மண்டபத்திற்குச் சுதை ஓவியங்கள் தீட்டினார். 1908இல் குஸ்தாவ் வாசா மன்னன் ஸ்ரொக்ஹோம் நகருட் புகும் பெருஞ்சித்திரம் அங்கே இடம்பெற்றது. அதற்கு எதிர்ச்சுவருக்காக, பஞ்சம் நீங்கவேண்டித் தன்னைப் பலியாகத் தந்த புராதன மன்னனொருவனின் கதையை, ஏறத்தாழப் பதினான்கு மீற்றர் அகலமுள்ள துணியில் வரைந்து 1915இல் முடித்தார். நெடிய வாதப் பிரதிவாதங்களின்பின் அது நிராகரிக்கப்பட்டது. அவ்வடி அவரை முறித்துவிட்டது. 1919ஆம் ஆண்டு சனவரி மாதம் 22ஆந் திகதி அவர் உயிர் நீத்தார். சுண்ட்பொர்ண் தேவாலய மயானத்திலே அடக்கம் செய்யப்பட்டார். இறுதி நாள்களில் எழுதி முடித்த சுயசரிதை, நான் என்னும் தலைப்புடன் 1931இல் வெளிவந்தது. நிராகரிக்கப்பட்ட அச்சித்திரம் 1987இல் யப்பானியர் ஒருவரின் கைக்குச் சென்று, 1997இல் அதே நூதனசாலையால் விலைகொடுத்து வாங்கப்பெற்று, எந்தச் சுவருக்காக வரையப்பட்டதோ அந்தச் சுவரிலே ஏறிற்று. எண்பத்திரண்டு ஆண்டு காத்திருந்த சித்திரம் அது.

தறியின் பின்னே இருந்தவர்

இனிக் கரின் அம்மையாரின் கதைக்கு வருவோம். லார்சனின் சித்திரங்களிலே கரின் வருவார். பிள்ளையை ஏந்தியவராகவோ, வாசிப்பவராகவோ, தோட்டத்தில் நிற்பவராகவோ வருவார். அவரை ஓவியரின் மனைவி என்றும், பிள்ளைகளின் தாய் என்றும் உலகம் அறிந்தது. ஆனால் அந்தச் சித்திரங்களில் மேசைமேல் விரிந்து கிடந்த துணியை நெய்தவர் யார்? கதிரையை வரைந்து தச்சனிடம் கொடுத்தவர் யார்? பிள்ளைகள் அணிந்திருந்த தளர்ந்த ஆடைகளை அமைத்தவர் யார்? நூல்களைப் புரட்டியவர்களுள் மிகச் சிலரே இவ்வினாக்களை எழுப்பினர்.

தூரிகையைக் கைவிட்ட கரின் நெசவுத்தறியையும் ஊசியையும் கையிலெடுத்தார். 1899இற் பெரிய ஓவியக்கூடம் கட்டப்பட்டபின், பழைய ஓவியக்கூடம் அவரது நெசவறையாயிற்று. டலார்ணாக் குடியானவர்களின் நெசவுமுறையைக் கற்றார். ஆனால் அதனை அப்படியே படியெடுக்கவில்லை. 1903இல் உணவறை இருக்கைக்கு மேலே தொங்கவிட அவர் நெய்த திரை நிலம், நீர், தீ, வளி என்னும் நாற்பூதங்களைக் குறிப்பது. உருவங்களைச் சுருக்கி, வெறும் கோடாகவும் கட்டமாகவும் நிறமாகவும் மாற்றி அவர் அதனை ஆக்கியிருந்தார். ஐரோப்பிய ஓவியர் உருவமற்ற ஓவியத்தை நோக்கி நகர்வதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, கிராமத்துத் தறியொன்றில் அத்தகைய வேலை நிகழ்ந்தது. கார்லின் அறைக்கும் தமதும் பெண்பிள்ளைகளதுமான அறைக்கும் இடையே தொங்குவதற்கு அவர் நெய்த திரையோ காதலின் ரோசா எனப் பெயர் பெற்றது.

அவர் வரைந்த ஆடுகதிரையொன்றைப் பற்றி அவ்வூரில் ஒரு கதை வழங்குகின்றது. வழக்கத்திற்கு மாறான அதன் கடுங்கோட்டு வடிவைக் கண்டு, அதனைச் செய்த தச்சன் வெட்கமுற்று, ஊரார் கண்ணிற் படாதபடி இரவிலே கொண்டுவந்து இறக்கினானாம். இன்று அத்தகைய கதிரையை எந்தக் கடையிற் கண்டாலும் எவரும் வியப்புறார். காலம் கரினின் பக்கம் வந்துசேர்ந்துவிட்டது.

வீட்டின் நிறங்களிற் கார்லின் பங்கு எது, கரினின் பங்கு எது என்று கோடு கிழித்துப் பிரித்தல் எளிதன்று. பிரிக்க முயல்வதும் வீண். கணவர் சுவரிலே தீட்டினார். மனைவி அச்சுவரின்முன் விழும் துணிக்கு நிறந் தெரிந்தார். ஒருவர் பூச்சுக்கு மற்றவர் நூல் விடை கூறிற்று. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. கார்ல் தம் படைப்பின் மூலையிற் பெயரெழுதினார்; நூல் வெளியிட்டார்; சுயசரிதை எழுதினார். கரின் தம் துணிகளை விற்கவில்லை. தம்மைப் பற்றி நூலெழுதவுமில்லை. அவர் நெய்தவை மழைக்காலத்திற் போர்த்தப்பட்டன, மேசையில் விரிக்கப்பட்டன, பிள்ளைகளால் அழுக்காக்கப்பட்டுத் தோய்க்கப்பட்டன. பயன்படுவதற்காகவே படைக்கப்பட்ட கலைக்கு நேரும் விதி அது. கணவர் மறைந்து ஒன்பது ஆண்டுகளின்பின், 1928இல், கரின் மறைந்தார்.

1997இல் இலண்டன் விக்டோரியா அல்பேட் நூதனசாலை, சுவீடன் நாட்டு இல்லப் பாணியை ஆக்கியோர் என்று கணவன் மனைவி இருவர் பெயரையும் இணைத்துப் பெரும் பொருட்காட்சியொன்றை நடத்தியது. கிறெசு கிராமத்திலே தூரிகை பிடித்த இளம் பெண்ணுக்கு உரிய இடம், ஒரு நூற்றாண்டுக்கு மேற் கழிந்தபின்னர் வந்து சேர்ந்தது எனலாம்.

வீடு இன்றும் அக்குடும்பத்து வழித்தோன்றல்களின் பராமரிப்பில், மக்கள் பார்வைக்குத் திறந்திருக்கின்றது. பெற்றோர் விட்டுச்சென்ற நிறங்களைப் பிள்ளைகள் மாற்றவில்லை. நாகரிகம் பலமுறை மாறிற்று; எல்லாச் சுவர்களும் வெண்மையாதல் வேண்டும் என்று கட்டடக் கலைஞர் கூறிய காலமும் வந்து போயிற்று. உணவறையிற் செம்மையும் பசுமையும் அப்படியே நிற்கின்றன.

நிறத்திற் துணிவு வேண்டும் என்று கூறுவோர் பலர். அத்துணிவு எங்கிருந்து வருகின்றது என்பதை லார்சன் தம்பதியரின் வாழ்வு தெளிவாக்குகின்றது. பிறர் கண்ணுக்காக வாழ்பவன் பிறர் ஒப்பும் நிறத்தையே தேடுவான். அவன் வீடு இருண்டே கிடக்கும். தன் வீட்டில் வாழ்வோருக்காக வீட்டை அமைப்பவன், குழந்தையின் கண் எதை நாடுகின்றது என்று பார்ப்பான். சேரி அறையொன்றிலே வெளிச்சத்திற்கு ஏங்கிய ஒரு சிறுவனும், தூரிகையை வைத்துவிட்டுத் தறியிலே தன் கலையைத் தொடர்ந்த ஒரு பெண்ணும் சேர்ந்து, அவ்வாறு அமைத்த வீடு அது. அதன் வாயிலிலே எழுதப்பட்ட வரவேற்பு இன்னும் அழியவில்லை.